பதினோராயிரத்து எழுநூறு கிலோமீட்டர்

திருநாவுக்கரசு ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில், ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் பயணப் பிரிவில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்கோவுக்கும் பாரிசுக்கும் போன பொறியாளர்களுக்கெல்லாம் அவர்தான் டிக்கெட் போட்டார். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று அட்டவணையைப் பார்க்காமலே சொல்வார். அவர் மட்டும் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை.

ஒரே மகன் தியாகு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனபோது மனைவி ஷோபா தூரம் கேட்டாள்.

"நேர்க்கோட்டுல பதினோராயிரத்து எழுநூறு கிலோமீட்டர். சிங்கப்பூர்ல மாறணும். எல்லாம் சேர்த்து இருபது மணி நேரம்."

"கும்பகோணம் போறதுக்கே அவ்வளவு ஆகுதே," என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதன்பின் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று தியாகு எவ்வளவோ கெஞ்சினான். வாழ வேண்டிய பிள்ளை உடம்பில் கத்தி வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

போன ஜூன் மாதம் ஒரு காலையில் ஆக்லாந்திலிருந்து மருமகள் சாஹித்யா கூப்பிட்டாள். தெலுங்குப் பெண், கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் கற்றுக்கொண்டவள்.

"மாமய்யா, அவரு சைக்கிள்ல போறப்ப கார் இடிச்சிருச்சு. தலையில அடி. கண்ணு தெறக்கல."

திருநாவுக்கரசின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. ஊருக்கெல்லாம் தேதியை ஞாபகப்படுத்தியவர், தன்னுடையதை எடுத்தே பார்த்ததில்லை. பாஸ்போர்ட், பிறகு விசா என்று ஒன்பது நாள் போயிற்று. இருபது மணி நேரம் என்று எல்லோருக்கும் சொன்னபோது அந்த நாட்களை அவர் சேர்த்ததே இல்லை. ஷோபாவை அவள் தங்கையிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது சாஹித்யா மறுபடியும் அழைத்தாள். மூளை செத்துவிட்டது என்று இரண்டு தடவை சோதித்து உறுதி செய்துவிட்டார்கள். உறுப்பு தானத்துக்குத் தியாகு முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். இப்போது ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது.

"நீங்க சொன்னா, வர்ற வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்றேன், மாமய்யா."

"எவ்வளவு நேரம் தாங்குமாம்?"

"ஆறு மணி நேரம். அதுக்கு மேல எதுவும் உதவாதுன்றாங்க."

அவர் போய்ச் சேர இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது.

"எனக்காகக் காத்திருக்க வேண்டாம்மா. எடுத்துக்கச் சொல்லு."

விமானத்தில் முன் இருக்கைத் திரையில் வரைபடம் ஓடியது. மீதித் தூரம் குறைந்துகொண்டே வந்தது. அதை அணைக்கத் தெரியாமல் துண்டால் மூடினார். ஆஸ்திரேலியாவின் மேல் எங்கோ அந்த ஆறு மணி நேரம் முடிந்தது. பக்கத்தில் இருந்தவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆக்லாந்தில் மகனின் கையைத் தொட்டார். சில்லென்றிருந்தது. தகனம் அங்கேயே நடந்தது. ஐந்தாம் நாள் ஹைதராபாத் திரும்பினார்.

"முகத்தைப் பாத்தீங்களா?" என்றாள் ஷோபா.

"பாத்தேன்."

"கிட்னி யாருக்குப் போச்சு?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை டயாலிசிஸுக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார். வா என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டு ஆட்டோ போய்விட்டது.