மச்சாளின் கெட்டி அட்டைப் புத்தகம்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டில் ஒரு காமிக்ஸின் ஆயுள் ஒரு கிழமை, ஏழே நாள்தான். சனிக்கிழமைகளில் அப்பா மூலைக் கடையில் வாங்கி வருவார். மெல்லிய தாள், நடுவில் குத்திய இரண்டு கம்பி. கதை சரியாக ஆபத்தான இடத்தில் நின்று, மிச்சம் அடுத்த கிழமை என்று சொல்லும். அடுத்தது வருவதற்குள் பழையதை விரித்து அம்மா மீன் வெட்டியிருப்பார்.

நான் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது, பாரிஸில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, மகளுடன் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். மாமிக்கு விசாப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை, பிறகு வருவார் என்றார்கள். மச்சாள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுடைய பையில் ஒரு காமிக்ஸ் இருந்தது. எனக்குத் தெரிந்த காமிக்ஸ் அல்ல அது. பாடப்புத்தகத்தைவிடப் பெரியது, கெட்டி அட்டை, வழவழப்பான வண்ணத் தாள். தொடங்கிய கதை அதற்குள்ளேயே முடிந்தும்விடும். பிரான்சில் அப்படித்தானாம். படித்துவிட்டு அலுமாரியில் அடுக்கி வைப்பார்களாம்.

என் இதழைப் புரட்டியவள் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மிச்சம் எங்கை?"

"அடுத்த சனிக்கிழமை வரும்."

"வராட்டி?"

அப்படி ஒன்று நடக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு ஒரு முழுக் கதை செய்து கொடுப்பதென்று தீர்மானித்தேன். தொடராக வந்த இதழ்களைச் சேர்த்து அட்டை போட்டு விற்பதைப் பதிப்பகங்கள் தொழிலாகவே செய்கின்றன என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அன்று அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

பத்து இதழ்களை மீனிடமிருந்து காப்பாற்றிக் கட்டிலுக்கடியில் ஒளித்தேன். கதையும் முடிந்தது. அட்டைதான் இல்லை. ஒரு பின்னேரம் மச்சாள் அப்பாவுடன் கடைக்குப் போயிருந்தபோது, அவளுடைய புத்தகத்தை அட்டையிலிருந்து கத்தியால் பிரித்தெடுத்து, என் இதழ்களை உள்ளே வைத்துத் தாராளமாகப் பசை பூசினேன். அட்டையின் உட்பக்கத்தில் யாரோ நீலப் பேனையால் தமிழில் எழுதியிருந்தார்கள். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதன் மேலும் பூசினேன்.

மச்சாள் வந்ததும் பாராட்டை எதிர்பார்த்து நீட்டினேன். அவள் பிரெஞ்சில் ஏதோ கத்திக்கொண்டு, ஒட்டிய தாளை நகத்தால் பிறாண்டத் தொடங்கினாள். மாமா ஓடி வந்தார். கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியில் அட்டையைப் பிடித்து, தாளை மெல்ல மெல்ல உரித்தார். மை கரைந்து பரவியிருந்தது.

"என்ன எழுதிக் கிடந்தது?" என்று அம்மா கேட்டார்.

மச்சாள் அழிந்த இடத்தைப் பார்த்தபடி மனப்பாடமாகச் சொன்னாள். "நீ இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை அம்மா வந்திடுவன்."

"முடிச்சிட்டியோ?" என்று அம்மா அவளிடம் கேட்டார்.

"இல்லை. இன்னும் கடைசிப் பக்கம் கிடக்கு."

அம்மா என்னை நோக்கிக் கையை ஓங்கினார். மாமா தடுத்தார்.

"விடுங்கோ அக்கா. மருமகள் நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தவள்." பிறகு, கழன்ற தாள்களை அடுக்கி மகளிடம் கொடுத்தார். "வாசிச்சு முடியம்மா."

மாமி பாரிஸை விட்டு வருவதில்லை என்று முடிவெடுத்து மாதங்களாகியிருந்தன. அது மாமாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். மச்சாள் தகப்பனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது என்றே இன்று நினைக்கிறேன். பிறகு கடைசிப் பக்கத்தை எடுத்து, எனக்காகத் தமிழில் சொன்னாள். கப்பல் கரைக்கு வந்தது. எல்லோரும் கையசைத்தார்கள். முடிந்தது.

நான் கைதட்டினேன். "அப்ப மாமி நாளைக்கு வருவாவோ?"

மாமா கேத்தலில் மறுபடி தண்ணீர் பிடிக்கப் போனார். அது நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றார். நான்தான் போய் மூடினேன், பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு.