லூர்து அக்கா சொன்ன "இறைவா உமக்கு நன்றி"

இன்று எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பிய ஜெபக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தலைவி லூர்து அக்கா, ஸ்டெல்லா டீச்சர், டீச்சர் மகள் ஜெனிட்டா, பூக்கடை மேரி, நான்.

ஜெனிட்டாவின் பையில் மந்திரவாதிக் கதைப் புத்தகம் இருந்ததை லூர்து அக்கா பார்த்துவிட்டார்.

"ஏத்தா, இது அம்புட்டும் சூனியம். ஃபாதர்கிட்ட குடுத்துருவோம். ஞாயித்துக்கிழமை இந்தக் கதைய எடுத்துருக்க படத்துக்கும் நீ போகக் கூடாது."

பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. நானோ புத்தகத்தைத் தொடாமலே அக்காவுக்குத் தலையாட்டினேன்.

டீச்சர் சண்டை போடவில்லை. "இங்க எதையும் வாசிச்சுட்டுத்தானக்கா பேசுவோம்? செத்த நேரம் கேளுங்க" என்றார்.

ஜெனிட்டா எழுந்து நின்று, பூசையில் பைபிள் வாசிப்பது போலவே நிறுத்தி வாசித்தாள். வெள்ளத்தில் போகும் சிநேகிதியைப் பிடிக்க, ஒரு சிறுமி மந்திரக்கோலை எறிந்துவிட்டுத் தானே ஆற்றில் குதிக்கும் இடம்.

அதோடு நிறுத்தி அவள் நிமிர்ந்ததும், லூர்து அக்கா கைகூப்பி, பூசையில் பைபிள் வாசகம் முடிந்ததும் எல்லாரும் சொல்கிற "இறைவா உமக்கு நன்றி" என்று சொல்லிவிட்டார்!

"போச்சு, புத்தகத்த அக்காவே மந்திரிச்சு விட்டாச்சு" என்று மேரி சிரித்தாள்.

அக்கா கோபப்படவில்லை. "வாசிக்காமப் பேசுனது என் தப்புத்தான். குடுத்தா, மொத எழுத்துலருந்து வாசிச்சுட்டு, சனிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றார். ஒரு பிள்ளை முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காது.

சற்று முன் போன் செய்தார்.

"ஏத்தா, நடுவுல புரட்ட மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். ஆத்துல குதிச்ச புள்ள கரையேறிருச்சா?"

எனக்கும் தெரியவில்லை. முழுதும் வாசித்தவர்கள் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.