சப்பாத்து ராக்கைக்கு ஆறு வருடம்

1. படம்

பலெர்மோவின் பொலிஸ் கந்தோரை குவெஸ்தூரா என்பார்கள். அதுவரை நான் அங்கே போனதெல்லாம் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கத்தான். இந்த நாட்டில் இருக்க விடுகிற கடதாசி அது. அன்றைக்கு என்னை வேறு மாடிக்கு ஏற்றினார்கள். இளம் இன்ஸ்பெக்டர் பெண் ஒருவர் மேசையில் ஒரு படத்தை வைத்தார். போர்கோ வெக்கியோவில் நான் கூட்டித் துடைக்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடி வாசல். வாசலில் நாலு தட்டுச் சப்பாத்து ராக்கை. ராக்கை நிறைய ஆம்பிளைச் சப்பாத்து.

அவர் இத்தாலியனில் கேட்டதை எங்கட தமிழில் தருகிறேன்.

“இந்த ராக்கையை ஆர் வைச்சது?”

“நான்தான். வடிவாய் இருக்கோ?”

வடிவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தைச் சொன்னார். அந்த வீட்டில் உடம்பை விற்கிற தொழில் நடந்திருக்கிறது. விற்ற பெண்ணில் குற்றமில்லை. காசு கொடுத்து வந்த ஆம்பிளையிலும் குற்றமில்லை. அதற்கென்று வீடு கொடுத்தவர், ஆள் பிடித்துக் கொடுத்தவர், வசதி செய்து கொடுத்தவர், இவர்களுக்குத்தான் இரண்டு வருடத்திலிருந்து ஆறு வருடம் வரை மறியற் சிறை. அதற்கு மேலே தண்டப்பணம்.

“அப்ப சப்பாத்தைக் கழட்டினவருக்கு ஒண்டுமில்லை. சப்பாத்துக்கு இடம் குடுத்த எனக்கு ஆறு வருசமோ?”

“அது நீங்கள் சொல்லப்போறதைப் பொறுத்தது” என்றார். சிரிக்கவில்லை.

2. ராக்கை வந்த விதம்

அந்த வீடு, நாங்கள் மரியாதையாய்ச் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற ஓர் இத்தாலிய அம்மாவினது. வெள்ளிக்கிழமைகளில் அவர் குடியிருக்கிற வீட்டையும் நான்தான் துப்புரவாக்குவேன். என் வேலை ஒப்பந்தத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து. அந்த ஒப்பந்தத்தில்தான் என் பெர்மெஸ்ஸோ தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிச் சாவி ஒன்றை என்னிடம் தந்து, நிலம் துடைக்கவும் கட்டில் விரிப்புத் தோய்க்கவும் சொன்னார்.

அங்கே இருந்தது லிடியா என்று ஒருத்தி, முப்பது வயதிருக்கும். ஓர் ஆளுக்கு இத்தனை விரிப்பா என்று நான் கேட்கவில்லை. முதலில் அவளைப் பல்லு டொக்டர் என்று நினைத்தேன். ஆம்பிளைகள் முகம் தொங்க ஏறுவார்கள், இருபது நிமிடத்தில் பல்லு நோ பறந்த மாதிரி இறங்குவார்கள். இரண்டு கிழமையில் விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி இருந்தேன். ஒப்பந்தம் என் வாயை மூடி வைத்திருந்தது.

ஆனால் நிலம் என் பொறுப்பு. மழை நாளில் அத்தனை பேரும் சேற்றோடு உள்ளே போவார்கள். எங்கட ஆக்கள் வாசலில் கழற்றாமல் உள்ளே கால் வைப்பார்களா? அல்பெர்கேரியாவில் என் வீட்டடியில் ஆரோ எறிந்துவிட்டுப் போன ராக்கையைத் தூக்கி வந்தேன். சப்பாத்தைக் கழற்றவும் என்று லிடியாவைக் கொண்டு எழுதி ஒட்டினேன். எல்லோரும் கழற்றினார்கள். கோயிலுக்கு வந்தவர்களுக்குக்கூட அவ்வளவு பணிவு வராது.

சிஞ்ஞோராவும் கிழமைக்கொரு தடவை அங்கே வருவார். வெறுங்காலோடு நடக்கமாட்டேன் என்றார். அவருக்கென்று நீலத் துணிச் செருப்பு ஒரு சோடி கீழ்த்தட்டில் வைத்தேன். வலது பெருவிரலடியில் அவருக்கு எலும்பு புடைத்து நிற்கும். செருப்பு அந்த இடத்தில் கடித்தது. நானே கத்தரிக்கோலால் அதில் ஓர் ஓட்டை வெட்டிக் கொடுத்தேன்.

கடைசியில் பொலிசைக் கூப்பிட்டது முதலாம் மாடிக் கிழவி. கிழவி என்கிறேன், என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர் கூப்பிட்டது ஒழுக்கத்துக்காக இல்லை. சப்பாத்து மணம் தாங்க முடியவில்லை.

3. செருப்பு

சிஞ்ஞோராவை எனக்கு எதிர்க் கதிரையில் இருத்தினார்கள். கழுத்தில் சிலுவை, கண் துடைக்கக் கையில் லேஞ்சி. வீட்டை வாடகைக்குக் கொடுத்த நாளிலிருந்து அந்த வாசலைத் தான் மிதிக்கவில்லை என்றார். சாவி, விரிப்பு, ராக்கை எல்லாம் இந்த மனுசியின் அலுவல் என்றார். பிறகு என் பக்கம் சரிந்தார்.

“ராணி, நீ ஒண்டும் கதையாதை. உன்ர பேப்பர் அலுவலை நான் பாக்கிறன்.”

கதைக்காவிட்டால் ஆறு வருடம். கதைத்தால் ஒப்பந்தம் போகும், அதன் பின்னால் பெர்மெஸ்ஸோவும் போகும். படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். கீழ்த்தட்டில் நீலச் செருப்பு, ஓட்டையோடு.

“பிள்ளை,” என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், “ராக்கையோடை எடுத்த அந்த நீலச் செருப்பைக் கொண்டுவாங்கோ. சிஞ்ஞோரா போட்டுக் காட்டட்டும்.”

சிஞ்ஞோரா எழும்பிவிட்டார். “பொலிஸ் கந்தோரிலை நான் ஒண்டையும் கழட்டமாட்டன்.”

“சப்பாத்து மட்டும்தான், சிஞ்ஞோரா” என்றார் இன்ஸ்பெக்டர்.

கால் உள்ளே போனது. கோழிக்குஞ்சு முட்டைக் கோதை உடைத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி எலும்பு ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் எனக்கு விளங்கியதையும் மறைக்காமல் சொன்னேன். ஆள் அனுப்பியது சிஞ்ஞோராதான் என்று பக்கத்து அறையில் இருத்தியிருந்த லிடியாவும் வாயைத் திறந்தாள்.

“விளங்கியும் சொல்லாமல் இருந்தது வடிவில்லை” என்றார் இன்ஸ்பெக்டர்.

4. முதலாம் மாடி

துடைத்ததும் தோய்த்ததும் கூலி வேலை என்று என்னைச் சாட்சியாக்கிவிட்டார்கள். சிஞ்ஞோராவுக்கு இரண்டு வருடம். நல்ல வக்கீல், ஆகக் குறைந்ததை வாங்கிக் கொடுத்தார். செருப்பைத் திருப்பித் தரவில்லை.

எனக்கு ஒப்பந்தம் போய்விட்டது. பெர்மெஸ்ஸோ முடிய ஐந்து கிழமை இருந்தது. ஏழு வீட்டில் கேட்டேன். பொலிசுக்குப் போய் வந்தவள் என்று ஏழு வீடும் மாட்டோம் என்று தலையாட்டியது. கடைசியாக வெட்கத்தை விட்டு முதலாம் மாடிக் கதவைத் தட்டினேன்.

“இப்ப மணம் இல்லை,” என்றார் கிழவி, “ஆனால் நீ போனாப் பிறகு படி முழுக்கத் தூசி. ஒப்பந்தம் நான் எழுதுறன். என்ர வாசலிலை ஒரு சப்பாத்தும் இருக்கப்படாது.”

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஆராவது சாவி தந்தால் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று முதல் கிழமையே கேளுங்கள். விரிப்புக் கூடினால் அப்போதே கேளுங்கள். எல்லாச் செருப்பிலும் ஓட்டை இருக்காது.

நான் இப்போதும் வாசலில் கழற்றுகிறேன். கழற்றியதைப் பையில் போட்டு, கையோடு உள்ளே கொண்டுபோகிறேன்.