கம்பெனி பஸ்ஸின் ஸ்பானிஷ் பாட்டு

ஷார்ஜா ரோலாவிலிருந்து துபாய் ஜெபல் அலிக்கு எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் ராமநாதபுரத்துக்காரர். தலை முழுக்க நரைத்திருக்க, மீசை மட்டும் கன்னங்கரேல் என்றிருக்கும். தினமும் காலையில் ஒரே கேசட்டைத்தான் போடுவார். ஸ்பானிஷ் பாடகி ஒருத்தி பாடியது. தமிழ்ப் பாட்டுப் போட்டால் பாகிஸ்தான் பட்டான்கள் சத்தம் போடுவார்கள். அவர்களுடைய பஷ்தூ போட்டால் நாங்கள். ஸ்பானிஷுக்கு யாரும் வாய் திறப்பதில்லை.

மூன்றாவது பாட்டு வந்ததும் தமிழிலும் அரைகுறை இந்தியிலும் அர்த்தம் சொல்வார்.

"மூணு வருஷமா லீவு குடுக்காத கபீல்கிட்ட பாஸ்போர்ட்டைக் கேட்டு அழுவுறா."

அவருக்கும் அப்போது மூன்று வருடமாக லீவு இல்லை; பாஸ்போர்ட் கபீலிடம், அதாவது அரபி முதலாளியிடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு பட்டான் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு அந்தப் பாடகி இங்கிலீஷில் பாட ஆரம்பித்து உலகம் முழுக்கப் பிரபலமானாள். அதே பாட்டு இங்கிலீஷில் வந்து, ஷார்ஜாவில் துணிக்கடை, சலூன் எங்கும் ஒலித்தது. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த டைம்கீப்பரான நான் சும்மா இருக்காமல் அந்தக் கேசட்டை வாங்கிவந்து, பஸ்ஸில் போட்டு, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஏமாற்றிய காதலனை அவள் வீட்டைவிட்டுத் துரத்துகிறாள், அவ்வளவுதான்.

டிரைவர் கேசட்டை வெளியே எடுத்து, துடைத்து, என்னிடம் மரியாதையாகக் கொடுத்தார்.

"வெள்ளக்காரனுக்கு லீவு கஷ்டம் என்ன தெரியும் தம்பி? அவனுக்காக மாத்திட்டா. ஒரிஜினல்ல லீவுதான்."

பஸ் மொத்தமும் தலையாட்டியது.

இப்போது என் ஆபீஸில் பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு ஸ்பானிஷ் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. அந்தப் பாட்டைப் பற்றி அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை.