சக்கர வீட்டு ரேடியோ

சண்டைக்காலத்தில் ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் கேம்ப் கட்டத் தொடங்கியபோது, கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஒருநாள் காலையில் லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு லாரியும் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு வந்தது. கதவு, சன்னல், கூரை எல்லாம் இருந்தன. கீழே மட்டும் சக்கரங்கள். கேம்ப் கட்ட வந்த இஞ்சினீர் துரைகள் குடும்பத்தோடு தங்குவதற்காம். ஊரில் எல்லோரும் அவற்றைச் சக்கர வீடு என்றே சொன்னோம்.

வீடு வந்து நின்றதும் முதல் வேலை என் நைனாவுக்குத்தான். அவர் கேம்ப்பில் ஒயர்மேன். தோப்பு நெடுகக் கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் இடுப்புயரத்தில் ஒரு மரப்பெட்டி அடித்து வைத்திருந்தார். வண்டியின் அடிவயிற்றிலிருந்து தடித்த கறுப்பு ஒயரை உருவி, அதன் நுனியிலிருந்த பிளக்கைப் பெட்டிக்குள் செருகுவார். உள்ளே பல்பு எரியும். வேலை முடிந்து, இருட்டில் தடவிக்கொண்டு எங்கள் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பி வருவார். அதில் ஏதும் விசேஷம் இருப்பதாக வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அப்போது சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். கல்யாணமான சில மாதங்களிலேயே சித்தப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்து வேலைக்குக் கப்பலேறிவிட்டார். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனபின் கடிதம் வருவது நின்றுபோனது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. சித்தி திருநின்றவூரில் மாமியார் வீட்டில் துரும்பாய்க் கிடந்தாளாம். உடம்பு தேறட்டும் என்று அம்மா போய் அழைத்துவந்திருந்தாள். சித்தியிடம் பேச்சே கிடையாது. தெருவில் எதிர்ப்படும் பெண்கள் முதலில் அவள் நெற்றியைத்தான் பார்ப்பார்கள். அவளும் அதற்கென்றே பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்வாள்.

சக்கர வீடுகளுக்குப் பால் ஊற்றும் வேலையைச் சித்தி எடுத்துக்கொண்டாள். துணைக்கு நான். கடைசிக் கம்பத்து வீட்டில் இருந்த துரைசானி ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண். பெரம்பூரில் வளர்ந்தவள். அவளுக்குத் தமிழ் முறிந்து முறிந்து வரும். ஒரு சாயங்காலம் பால் ஊற்றப் போனபோது உள்ளே ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. 'சிங்கப்பூர்' என்ற சொல் காதில் விழுந்ததும் சித்தியின் கையிலிருந்த செம்பு நின்றுவிட்டது.

"இன்னா? யார் இருக்கான் அங்கே?" என்றாள் துரைசானி.

"ஊட்டுக்காரரும்மா. ஒரு சேதியும் இல்ல."

துரைசானி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "எனக்குத் தம்பி. பட்டாளம். அங்கேதான்."

அங்கே சிக்கிக்கொண்டவர்கள் ஊருக்குச் சொல்லும் சேதிகளைச் சிங்கப்பூர் ரேடியோவில் வாசிப்பார்களாம். முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ். எதிராளியின் ரேடியோ என்பதால் கேம்ப்பில் யாருக்கும் தெரியக்கூடாது. எங்கள் வீட்டில் நைனாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் நாங்கள் அங்கே போய்விடுவோம். சன்னலுக்குக் கறுப்புத் துணி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் ரேடியோப் பெட்டியில் காதை ஒட்டவைத்தாற்போல் உட்கார்ந்திருப்பார்கள். இங்கிலீஷ் வாசிக்கும்போது சித்தி துரைசானியின் முகத்தைப் பார்ப்பாள். தமிழ் வாசிக்கும்போது துரைசானி சித்தியின் முகத்தைப் பார்ப்பாள். முடிந்ததும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்திருப்பார்கள். நான் மட்டும் பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் பல்பு மினுக்மினுக்கென்றது. ரேடியோ இரண்டு வார்த்தை பேசும், நின்றுவிடும். சித்தி மழையிலேயே ஓடிப்போய் நைனாவை அழைத்துவந்தாள். மரப்பெட்டி ஊறி உப்பி, பிளக் உட்காராமல் நழுவிக்கொண்டிருந்தது. நைனா ஷாக் அடிக்காமலிருக்கக் கீழே ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்று, தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, காய்ந்த கட்டையால் பிளக்கை அழுத்தினார். பல்பு நின்று எரிந்தது.

"நான் புடிச்சிகினு கீறேன். நீ உள்ள போய்க் கேளும்மா" என்றார்.

இங்கிலீஷ் முடிந்து தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் பெயர் வந்தது. அவருடைய தகப்பனார் பெயரும் திருநின்றவூரும் வந்தன. சித்தி சிரித்தாள். அவள் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான் சௌக்கியம். கவலைப்பட வேண்டாம். பாப்பா நடக்கிறாளா? விழாமல் பார்த்துக்கொள்ளவும்."

அவ்வளவுதான். வாசித்தவர் அதே குரலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

"அவனா? உன் ஆளா?" என்று துரைசானி சித்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சித்தி தலையாட்டினாள். துரைசானி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தி அழவில்லை. துரைசானிதான் கையை எட்டி ரேடியோவை நிறுத்தினாள்.

எனக்குப் பூமியில் கால் பாவவில்லை. வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தப்பா கப்பலேறிய காலத்தில் நான் எல்லோர் இடுப்பிலும் தொற்றிக்கொண்டு திரிந்தவள். அதனால்தான் அவருக்குச் சந்தேகம். இருந்தாலும் கடல் தாண்டி ரேடியோவில் என்னை விசாரித்திருக்கிறாரே!

வெளியே மழை விட்டிருந்தது. "இன்னாம்மா, வந்துச்சா?" என்றார் நைனா.

"வந்துச்சு மாமா. நல்லா கீறாராம்."

"அட என் தெய்வமே! வேற இன்னா சொன்னாரு?"

"அவ்ளோதான்."

"இல்ல நைனா! பாப்பா நடக்கிறாளான்னு கேட்டாரு. என்னைக் கேட்டாரு!" என்று நான் குதித்தேன்.

நைனா சித்தியைப் பார்த்தார். ரேடியோ நின்று வெகுநேரமாகியும் கட்டையை எடுக்காமல் பிளக்கை அழுத்திக்கொண்டே நின்றார்.

"ஆமாண்டி, உன்னைத்தான் கேட்டாரு. எங்க, நட பாக்கலாம்" என்றாள் சித்தி.

அதன்பிறகு சித்தப்பாவிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. துரைசானியின் தம்பி என்ன ஆனான் என்று தெரிவதற்குள் சக்கர வீடுகளை லாரிகள் எங்கோ இழுத்துப் போய்விட்டன. சித்தி சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. பல வருஷம் கழித்து, என் மகள் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிய நாளில்தான் அம்மா அதைச் சொன்னாள். சித்தப்பா கப்பலேறிய பிறகு சித்திக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். பிறந்த சேதி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. காய்ச்சலில் அது போய்விட்ட சேதியை எழுதுவதற்குள் கடல் அடைபட்டுவிட்டது.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. தோப்பிலிருந்து வீடுவரை, சேற்றில் கால் வழுக்க, கைகளை வீசிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நைனா தலையைக் குனிந்துகொண்டு எங்கோ பின்னால் வந்தார். சித்தி என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசல் வந்துவிட்டது. நான் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் நடடி" என்றாள் சித்தி.

தெருக்கோடிவரை போய்த் திரும்பினேன். மறுபடியும் நடக்கச் சொன்னாள். எனக்குக் கால் வலித்தது. சித்தப்பா கேட்டதற்கு இவ்வளவு நடந்தது போதாதா என்று எரிச்சலாக வந்தது.