எய்னு, அத்தெய்னு

என் மனைவி குணவதி ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். என்னைக் கட்டியதும் அப்படித்தான்.

முதியவர்களின் வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது அவள் வேலை. சென் ஜேம்ஸ் ரவுணில் ஒனா என்றொரு லித்துவேனியக் கிழவி இருந்தார். பக்கவாதம் வந்ததில் இங்கிலிஷ் முழுவதும் மறந்து, பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது. பிறகு ஒருநாள் விழுந்தும்விட்டார். அன்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவே பயம். தானாக வாசல்வரை நடந்து திரும்பாவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று நேர்ஸ் சொல்லிவிட்டார். அந்த வீட்டை விட்டுப் போக ஒனாவுக்குத் துளியும் விருப்பமில்லை.

"அப்ப நான் அவவின்ர பாஷையைப் படிக்கிறன்," என்றாள் குணவதி.

"இந்த வயசிலயோ?"

"உங்களுக்கென்ன? சோத்தைப் போட்டுச் சாப்பிடுங்கோ."

ஒனாவின் மகள் டாலியாவைப் பிடித்து ஒரேயொரு வினைச்சொல்லைக் கேட்டு வந்தாள். எய்னு என்றால் போகிறேன், எய்னி என்றால் போகிறாய். அவன், அவள், அவர்கள் எல்லோருக்கும் எய்ன ஒன்றே போதும். எய்னம் என்றால் வா, போவோம். முன்னால் 'அத்' சேர்த்தால் போனவர் வந்துவிடுவார்: அத்தெய்னு, வருகிறேன். அந்தக் காலத்தில் எய்மி என்பார்களாம், சமஸ்கிருதத்தில் ஏமி. றிச்மண்ட் ஹில் கோயில் ஐயரை மறித்து அதையும் விசாரித்துவிட்டாள்.

"அப்ப ஒனா அன்ரி ஐயருக்குச் சொந்தமோ?" என்றேன். முறைத்தாள்.

இதைப் படித்த முதல் நாள், வேலை முடிந்து ஒனா வீட்டிலிருந்து புறப்படும்போது வெறும் எய்னு சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எங்களில் யார்தான் "போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் தாண்டுவார்கள்?

"எய்னு, அத்தெய்னு," என்றாள். போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன்.

ஒனா சிரித்துவிட்டார். அப்படி யாரும் சொல்வதில்லை என்றாள் டாலியா.

"நான் அப்பிடித்தான் சொல்லுவன்," என்றாள் இவள்.

ஒவ்வொரு நாளும் சொன்னாள், சொன்னபடி மறுநாள் வந்தாள். ஒருமுறை பனி கொட்டி, மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் கார் அசையவில்லை. வேலைக்குப் போன் பண்ணி லீவு சொல்லு என்றேன்.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன், அன்புராசா," என்று பஸ் ஏறினாள். கோபம் வந்தால்தான் என் பெயர் அவள் வாயில் வரும்.

அன்றைக்குத்தான் ஒனா முதன்முதலாகக் காலைத் தரையில் வைத்தார். "எய்னம்" என்று குணவதி கைகொடுக்க, கட்டிலிலிருந்து கதிரைக்கும், பிறகு வந்த நாட்களில் குசினிக்கும் நடந்தார்.

நேர்ஸ் பார்க்க வந்த நாளில் குணவதி கைகொடுக்கவும் கூடாது, பேசவும் கூடாது. சுவரோடு ஒட்டி நின்றாள். "நடந்து காட்டுங்கள்" என்று நேர்ஸ் சைகை காட்டினார். ஒனா அசையவில்லை. நேர்ஸ் பேனாவைத் திறந்தார். குணவதிக்குக் கண்ணீர் முட்டிவிட்டது.

அதைப் பார்த்தாரோ என்னவோ, ஒனா கட்டிலோரம் நின்ற வோக்கரை ஊன்றிப் பிடித்து எழுந்தார். நேர்ஸை அல்ல, குணவதியைப் பார்த்துச் சொன்னார்:

"எய்னு, அத்தெய்னு."

வாசல்வரை போனார். வந்தார்.