என் விறாந்தையில் கட்சிக் கிளை

கட்சியின் கிளைப் பலகையை எங்கள் வீட்டு விறாந்தையில் மாட்டலாமா என்று அமைப்பாளர் கேட்டது என் கணவரிடம். கேட்ட இடம், கல்முனை பஸாரில் கணவர் நடத்தும் அரிசிக்கடை. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். கேட்டவுடன் அவர் ஓம் என்று சொல்லிவிட்டார். பகல் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவிக்கொண்டே என்னிடம் செய்தியைச் சொன்னார். நானும் ஓம் என்றேன். என்னை இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள் என்பது தெரிந்தது. அதைப் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு அந்தப் பலகை வேண்டியிருந்தது.

கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பல வருடங்கள் பிராந்திய நிருபராக இருந்தவள் நான். இந்தக் கரையில் உள்ள சபைகளின் கூட்டங்களுக்குப் போய், சுவரோரம் செய்தியாளருக்குப் போட்டிருக்கும் வாங்கில் இருந்து குறிப்பெடுத்திருக்கிறேன். குப்பை, வடிகான், தெருவிளக்கு, சந்தைக் கடை. ஒரு சபை கதைக்கிற விஷயம் பெரும்பாலும் இவ்வளவுதான். இவற்றால் நாளாந்தம் அல்லல்படுகிறவர்கள் பெண்கள், கதைத்தவர்கள் ஆண்கள். சபையில் பெண்களுக்குக் கால்வாசி இடம் என்று சட்டம் வந்த பிறகு பெண் உறுப்பினர்களும் வந்தார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் கதைக்க எழும்பியபோது, வீட்டில் கேட்டுவிட்டுத்தான் கதைக்கிறாரா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சபை சிரித்தது. நான் அதையும் செய்தியில் எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் பத்திரிகையில் வடிகான் இருந்தது, அந்த வரி இல்லை.

பிறகு பத்திரிகை பிராந்தியப் பக்கங்களைச் சுருக்கியது. என் வேலையும் அதோடு முடிந்தது. எழுதிப் பார்த்தாயிற்று, இனி உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: எங்கள் வட்டாரத்தில் வேட்பாளராக நிற்க வேண்டும்.

வட்டாரத்தில் நிற்கிறவரின் முகத்தை வைத்துத்தான் அந்தத் தெருக்களில் வாக்குச்சீட்டில் கட்சிக்குப் புள்ளடி விழும். பட்டியல் என்பது வேறு. தேர்தல் முடிந்து, மொத்த வாக்குக்கு ஏற்பக் கட்சிக்குக் கிடைக்கும் மேலதிக இடங்களுக்கு, கட்சியே அதிலிருந்து ஆளைத் தெரிவுசெய்யும். பெண்களின் பங்கை எல்லாக் கட்சிகளும் பெரும்பாலும் பட்டியலில்தான் நிரப்பின. பட்டியலில் இருக்கிற பெண் தெருவில் இறங்கத் தேவையில்லை. அவளை யாருக்கும் தெரியவும் தேவையில்லை.

என் விருப்பத்தை அமைப்பாளரிடம் முதல் வாரமே சொல்லிவிட்டேன். "பார்ப்பம் ராத்தா" என்றார், அக்கா முறை வைத்து.

அந்த மாரியில் எங்கள் வட்டாரத்தின் எல்லா ஒழுங்கைகளிலும் நடந்தேன். கடற்கரைப் பக்கம் தோணிக்காரர்களின் வீடுகள், பிரதான வீதிக்கு மேற்கே வயல்காரரும் வியாபாரிகளும். நான் போன வீடுகளில் கதை குசினி அடுப்படியில் நடந்தது. வெள்ளம் வடிய வழியில்லாத வளவுகளையும், விளக்கில்லாமல் பிள்ளைகள் ஓதப் போய்வரும் ஒழுங்கைகளையும் பெண்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். கிளைக் கூட்டத்துக்கும் வரத் தொடங்கினார்கள். ஆண்கள் விறாந்தையில் கதிரைகளில் இருப்பார்கள். பெண்கள் பின்பக்கத்தால் வந்து, மண்டபத்தில் கதவுச் சீலைக்கு உள்ளே பாயில் இருப்பார்கள். நானும் சீலைக்கு உள்ளேதான். அறிக்கைகளை எழுதி, கையை மட்டும் வெளியே நீட்டிக் கொடுப்பேன். இந்த வட்டாரத்தை எழுப்பியதே ராத்தாதான் என்று அமைப்பாளர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். சீலையைப் பார்த்துச் சொல்வார்.

வேட்புமனு நெருங்கியபோது துண்டுப்பிரசுரத்தின் மாதிரி வந்தது. மேலே அமைப்பாளரின் மைத்துனர், கட்டடக் கொந்தராத்துக்காரர், கோட்டும் டையுமாக. எங்கள் வட்டார வேட்பாளர் அவர்தான். கடைசி வரிசையில் பட்டியல் பெண்கள். முதல் பெண்ணின் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூ. இரண்டாவது நான். என் பெயருக்கு மேலே என் கணவரின் படம் இருந்தது.

கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். அவர் மக்காவுக்கு உம்ரா போனபோது எடுத்து முகநூலில் போட்ட படம். பக்கத்தில் நின்ற நண்பரை வெட்டியிருந்தார்கள். நண்பரின் கை மட்டும் கணவரின் தோளில் மிஞ்சியிருந்தது.

"நானா எலெக்சன் கேக்கிற?" என்றார். "எனக்கே தெரியாதே."

"உங்களுக்கு வோட் விழுந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"கடைய மூடேலாதே புள்ள" என்றார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். நான் சீலையை விலக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்து, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். கதை நின்றது. பிரசுரத்தை மேசையில் வைத்து, வட்டாரம் எனக்கு வேண்டும், படம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

அமைப்பாளர் கோபப்படவில்லை. பட்டியலில் இருந்தால் அலைச்சல் இல்லை, மேடை இல்லை, ஊர்வாயில் விழத் தேவையில்லை, அல்லாஹ் நாடினால் இடமும் கிடைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். பொம்பிளைக்கு வட்டாரம் கொடுத்தால் எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான் என்று பின்னால் ஒருவர் சொன்னார். கொந்தராத்துக்காரர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது முடிந்த காரியம்.

"அப்ப சுவர்ல மாட்டின போட்டைக் கழட்டுங்க" என்றேன். "நாளைக்கு அஸருக்குள்ள. கதிரையளையும் எடுத்திருங்க."

அமைப்பாளர் சிரித்தார். என்னை விட்டுவிட்டு என் கணவரின் பக்கம் திரும்பினார். "என்ன மச்சான், நீங்க ஒண்டும் சொல்லல்லையே."

கணவர் பிளேன்டீக் கோப்பையைத் தட்டில் வைத்தார். "நான் இந்த ஊட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன் மச்சான். ஊடு அவட. ஊட்டுக்காரியிட்டக் கேளுங்க."

ஒருவரிருவர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. அங்கே இருந்த ஒவ்வோர் ஆணும் அவரவர் மனைவியின் வீட்டில் குடியிருப்பவர்.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. வாப்பா மகளுக்குக் கட்டுவார், உறுதிப் பத்திரம் மகளின் பேரில் எழுதப்படும், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். இதில் பெருமை கொண்டாட நான் தயாராக இல்லை. என் வாப்பாவுக்கு மூன்று மகள்கள். மூன்று வீடு கட்டுவதற்காக அவர் கட்டாரில் வேலை செய்த காலம், எங்கள் உம்மா அவரோடு வாழ்ந்த காலத்தைவிட நீளம். வீடு எங்களுடையது என்பதால் அதில் எங்கள் சொல் நடந்தது என்றும் இல்லை. விறாந்தையில் எது நடக்கும் என்பதை ஆண்களே தீர்மானித்து வந்தார்கள். நாங்கள் தேத்தண்ணீர் ஊற்றினோம். அதனால்தான் அமைப்பாளர் கடைக்குப் போய்க் கேட்டார். இந்த ஊரில் பிறந்த எந்த ஆணும் செய்யக்கூடிய பிழை அது.

அடுத்த நாள் அஸருக்கு முன்பே பலகையைக் கழற்றினார்கள். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் நான்கு ஆணித் துளைகள். கணவர் சீமெந்து குழைத்து அடைக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அமைப்பாளர் வேறு விறாந்தை தேடினார். இது எப்படி நடந்தது என்பதை நான் பிறகு பலரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவர் முதலில் பள்ளிவாசல் முன்றலில் ஒரு மீன் வியாபாரியைப் பிடித்தார். ஓம் என்றார் மீன் வியாபாரி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைபேசி எடுத்து, வீட்டில் பெயின்ட் அடிக்கப்போகிறோம் என்றார். அடுத்தவர் ஓர் ஆசிரியர். அவரும் ஓம் சொன்னார். அவருடைய மாமியாருக்குச் சுகமில்லாமல் போனது. இப்படி எங்கள் வட்டாரத்தில் பகலில் ஓம் சொன்ன ஆண்களுக்கெல்லாம் இரவில் ஏதோ ஒன்று நடந்தது.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று எழுதினால் அது பொய். சில குசினிகளுக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கணவரின் படத்தையும் காட்டினேன். தோளில் இருந்த கையைக் கண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் எனக்காக மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்திக்கு வயதுக்கு வந்த மகள்கள் இருந்தார்கள். இன்னொருத்திக்கு, கூட்டம் முடிய விறாந்தையில் கிடக்கிற சிகரட் கட்டைகளைப் பொறுக்க விருப்பமில்லை. கொந்தராத்துக்காரரின் மனைவியே, புதிதாகப் பதித்த டைல்ஸில் ஊர்க் கால்கள் எல்லாம் ஏற முடியாது என்று சொல்லிவிட்டாராம். காரணம் எதுவாக இருந்தாலும் அவரவர் வாயால் சொன்ன மறுப்பு அது.

ஒரு வீட்டில் மட்டும் அமைப்பாளருக்கு நேரடிப் பதில் கிடைத்தது. கடற்கரைப் பக்கம், கணவன் ஆழ்கடல் படகில் போயிருந்த வீடு. வீட்டுக்காரி அவரை உள்ளே கூப்பிடாமல் கேட்டில் வைத்தே, அண்ணன் முறை சொல்லிக் கதைத்தாள்.

"வைக்கலாம் காக்கா. அதுக்கென்ன. ஆனா சுவர்ல ஆர்ர படம் ஒட்டுற எண்டு நாங்கதான் சொல்லுவம்."

அதற்கு அடுத்த நாள் காலையில் அமைப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் கடைக்குப் போயிருந்தார். அது தெரிந்தேதான் வந்தார் என்று நினைக்கிறேன். கேட்டில் நின்று ஸலாம் சொல்லி, வரலாமா என்று என்னிடம் கேட்டார். விறாந்தையில் அவருக்கு ஒரு கதிரையும் எனக்கு ஒரு கதிரையும் போட்டேன். அவர் பட்டியலில் முதலிடம் தருவதாகச் சொன்னார். வட்டாரம் என்றேன். மைத்துனர் கட்சியை விட்டுப் போய்விடுவார் என்றார். அது அவர்களுடைய குடும்ப விஷயம் என்றேன்.

"ஊர் என்ன சொல்லுமெண்டு யோசிச்சீங்களா ராத்தா?"

"ஊரைப் பத்தித்தான் இவ்வளவு காலமும் எழுதின நான். அது என்ன சொல்லுமெண்டு தெரியும்."

பலகை திரும்பி வந்தது. அதே துளைகளில் ஆணி ஏறியது.

கொந்தராத்துக்காரர் அந்த வாரமே மற்றக் கட்சிக்குப் போய், எங்கள் வட்டாரத்திலேயே எனக்கு எதிராக நின்றார். அம்பாறைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேட்புமனு கையளித்த நாள் அவரைக் கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் படம் போட்ட சுவரொட்டிகள் ஊரில் ஏறின: முக்காடு போட்ட சாதாரணப் படம், நிருபர் அடையாள அட்டைக்கு எடுத்தது. முதல் காலையிலேயே சிலவற்றில் கண்களைச் சுரண்டியிருந்தார்கள், சிலவற்றில் சாணி. ஊரில் மதிப்புள்ள இருவர் கணவரின் கடைக்குப் போய், பெண் இப்படி நிற்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று கதைத்தார்கள். அவர் தன்னால் முடிந்த ஒரே பதிலைத்தான் மறுபடியும் சொல்லி அனுப்பினார்: வீட்டுக்காரியிடம் கேளுங்கள். அவர்கள் என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் கதைத்திருப்பேன்.

சாணி பூசிய சுவரொட்டிகளைக் கிழிக்காமல், பக்கத்திலேயே புதிது ஒட்டச் சொன்னேன். இரண்டையும் ஊர் பார்க்கட்டும். கூட்டங்களில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று கதைத்தேன். முதல் கூட்டத்தில் அறிவிப்பாளர் என்னை இன்னாரின் துணைவியார் என்று அழைத்தார். நான் என் பெயரைச் சொல்லித் தொடங்கினேன். அடுத்த கூட்டத்திலும் அப்படியே அழைத்தார். நானும் அப்படியே திருத்தினேன்.

நான் தோற்றேன். பெரிய வித்தியாசம் இல்லை; ஆனால் தோல்வி தோல்விதான். பணம் இறைத்தார்கள், கள்ள வாக்கு என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். என்னிடம் ஆதாரம் இல்லாததால் நான் அப்படிச் சொல்லவில்லை. ஊரில் கூடுதலான பேர் இன்னும் என்னை அங்கே வைத்துப் பார்க்கத் தயாரில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த செய்தி.

மறுநாள் காலை அமைப்பாளர் தொலைபேசி எடுத்தார். வெற்றி ஊர்வலம் எங்கள் வீதியால்தான் வரும், ரெண்டு நாளைக்குப் பலகையைக் கழற்றி உள்ளே வைக்கலாம், கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பது நல்லது என்றார். அக்கறையோடுதான் சொன்னார். "கல்லடிச்சா என்ட ஊட்டுக் கண்ணாடிதானே உடையும்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

செய்தி எப்படிப் போனதோ, பெண்கள் வரத் தொடங்கினார்கள். முன் கேட் வழியாக வந்தார்கள். கதிரைகள் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கினோம். விறாந்தை நிரம்பி, முற்றத்திலும் கதிரைகள். படகுக்காரரின் மனைவி கேட்டுக்கு அருகில், வீதியைப் பார்த்து இருந்தாள். கணவர் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சீனி எங்கே என்று ஒருமுறை கேட்டார்.

ஊர்வலம் முதலில் சத்தமாக வந்தது, பிறகு ஆட்களாக வந்தது. மோட்டார்சைக்கிள்கள், ஓட்டோக்கள், திறந்த ஜீப்பில் மாலையோடு கொந்தராத்துக்காரர். எங்கள் கேட்டுக்கு முன்னால் ஜீப் மெதுவானது. இவ்வளவு பெண்களை அவர் எதிர்பார்க்கவில்லை. கையை நெஞ்சில் வைத்து ஸலாம் சொன்னார். ஸலாத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னேன். பிறகு எழும்பிக் கேட்டுவரை போனேன்.

"அடுத்த முறையும் இந்த வட்டாரத்திலதான் நிப்பன்" என்றேன். "இப்பவே சொல்லிவெச்சிற்றன்."

அவர் ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. ஜீப் நகர்ந்தது. பின்னால் வந்த பெடியன்கள் மிச்சமிருந்த வெடிக்கட்டை எங்கள் கேட்டுக்கு நேர் முன்னால் போட்டுக் கொளுத்தினார்கள். புகையும் கடதாசித் துண்டுகளும் முற்றம் முழுக்க வந்து விழுந்தன. பெண்கள் முக்காட்டு முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவரும் கதிரையைப் பின்னால் இழுக்கவில்லை.